கசந்த கிழங்கும், எல்லை தாண்டிய காப்பும்

என் பேத்திக்கு விஷத்தைக் கையில் கொடுத்து, "தின்னும்மா" என்று சொன்னவன் நான்தான். இதை எழுதத்தான் வேண்டும். திரௌபதி அம்மன் எங்களுக்குச் செய்ததை நான் மூடி வைத்தால் என்னைவிட நன்றி கெட்டவன் இருக்க மாட்டான்.

நைனார்பாளையம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளிதான் எங்கள் வெள்ளாமை. மகள் சுமதியும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை, கொசு ஜாஸ்தி என்று அவளுக்கு ஆயிரம் பயம்.

போன வருஷம் முழுப் பரீட்சை லீவுக்கு நானே பஸ் ஏறிப் போனேன். "ஒரே ஒரு தடவ லீவு முழுக்க வுட்டுப் பாரும்மா. கண்ணாட்டம் பாத்துக்கறேன்" என்று கெஞ்சிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தேன். பேத்தி யாழினிக்கு ஒன்பது வயது. பேரன் கபிலனுக்கு ஐந்து.

முதல் இரண்டு வாரம் வீடு சந்தைக்கடையாக இருந்தது. என் மனைவி அஞ்சலையின் இடுப்பு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. பேரன் பரோட்டா தவிர எதையும் தொடமாட்டேன் என்று அடம்பிடிப்பான். பேத்தி அப்படி இல்லை. கூழோ கருவாடோ, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு தாத்தா" என்பாள். எனக்கு அந்த ஒரு சொல் போதும், தலைகால் புரியாது.

அந்த நேரத்தில்தான் ஊரில் தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். நானும் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு கட்டிக்கொண்டேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் எங்கள் ஊரில் கட்டுப்பாடு அதிகம். பொழுது சாய்ந்த பிறகு ஒரு வேளைதான் சாப்பாடு. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சாவு வீட்டையும் ஆஸ்பத்திரியையும் மிதிக்கக் கூடாது. மிதித்தவனை நெருப்பு சும்மா விடாது என்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். அஞ்சலை கோயில் வேலைக்குப் போயிருந்தாள். விதைக்குச்சிக்காக நான் கொஞ்சம் கிழங்குச் செடியை அறுக்காமல் விட்டிருந்தேன். கிணற்று மேட்டு வரிசை மட்டும் வீட்டில் சாப்பிடுகிற ரகம். மற்றதெல்லாம் ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற கசப்பு ரகம். அதில் விஷம் உண்டு. மில்லில் அரைத்துக் கழுவினால்தான் போகும். ஆடு அந்தத் தழையை மேய்ந்தாலே சுருண்டுவிடும்.

கிணற்று மேட்டில் ஒரு செடியைப் பிடுங்கி, சருகு கூட்டிச் சுட்டுக் கொடுத்தேன். வழக்கமாக முதல் துண்டு என் வாய்க்குத்தான் போகும். அன்றைக்கு விரதம். அதனால் நான் தொடவில்லை.

"தாத்தா, கசக்குது."

"டவுன் நாக்கு அப்பிடித்தான் சொல்லும். உப்பு தொட்டுக்கினு தின்னு. நம்ம நெலத்துக் கெழங்கும்மா!"

எனக்காக, என் மனம் கோணக் கூடாதென்று, அந்தக் குழந்தை இரண்டு பெரிய துண்டு தின்றாள். பேரன் ஒரு கடி கடித்து, "த்தூ" என்று துப்பிவிட்டு ஓடிவிட்டான்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. யாழினி வாந்தி எடுத்தாள். "தலை சுத்துது தாத்தா" என்று சொல்லிக்கொண்டே என் மடியில் சாய்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்கிய செடியின் தண்டைப் பார்த்தேன். தண்டின் நிறமே சொல்லிவிட்டது, மில் ரகம். நட்ட அன்றைக்கு இரண்டு ரகத்துக் குச்சிக் கட்டுகளையும் ஒன்றாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து மாற்றி நட்டிருக்கிறேன். பத்து மாசம் தண்ணீர் பாய்ச்சியும் என் குருட்டுக் கண்ணுக்கு அது தெரியவில்லை.

என் கூச்சல் கேட்டுக் கோயிலிலிருந்து அஞ்சலை ஓடிவந்தாள். பேரன் தெளிவாக இருந்தான். அவனைப் பக்கத்து வீட்டில் விட்டாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, வர நேரமாகும் என்றார்கள். பேத்தியின் கண் செருகிக்கொண்டு போகிறது. நான் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நின்றது உண்மை.

அஞ்சலைதான் கத்தினாள். "யோவ், இன்னா நின்னுக்கினு கீற? காப்பு கையிலதான கட்டினாங்க, காலுலயா கட்டினாங்க? தூக்கிக்கினு ஓடுய்யா!"

ஓடினேன். எல்லைக் கல் வந்தது. "ஆத்தா, நெருப்புல என்ன எரிக்கறதுன்னா எரிச்சிக்கோ. இவள மட்டும் வுட்டுடு" என்று சொல்லிக்கொண்டே தாண்டினேன். நிற்கவில்லை.

தாண்டிப் பத்தடி போயிருப்பேன். எதிரே பலாப்பழ லோடு ஏற்றிய மினி லாரி வந்தது. கரியாலூர்க்காரர், பெயர் சடையன். விருத்தாசலம் சந்தைக்குப் போகிறவர். வண்டியை நிறுத்தி, "புள்ளைக்கு இன்னாங்க?" என்றார்.

"மில்லுக் கெழங்கு தின்னுட்டா சாமி."

"தின்ன கெழங்கு மிச்சம் இருக்குதுங்களா? எடுத்தாரச் சொல்லுங்க. எங்க மலையில ஒரு வூட்ல இதே மாதிரி ஆச்சி. இன்னா தின்னாங்கன்னு டாக்டருக்குச் சொல்ல ஆள் இல்லாம போச்சிங்க."

பின்னால் வந்த அஞ்சலை திரும்பி ஓடிப்போய்க் கிழங்கையும் தோலையும் முந்தானையில் அள்ளிவந்தாள். சடையன் லோடோடு வண்டியைத் திருப்பினார். கள்ளக்குறிச்சி வரை கையை ஹாரனிலிருந்து எடுக்கவில்லை.

டாக்டரம்மா கிழங்கைப் பார்த்தார். ஒரு கேள்விதான் கேட்டார், எப்போது தின்றாள் என்று. உடனே நரம்பில் மருந்து ஏறியது. "இதக் கொண்டாந்தீங்களே, அதான் நல்லதாப் போச்சி" என்றார். நான் வாசலில் உட்கார்ந்து, "ஆத்தா, ஆத்தா" என்று அது ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு யாழினி கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். "தாத்தா, இனிமே எனக்கும் பரோட்டாவே போதும்" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார். நான் அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று தெரியாது.

அதுவரை வெளியே நின்ற சடையனிடம், "நீ ஏம்பா எங்க ஊர் வழியா வந்த?" என்று கேட்டேன்.

"எப்பவும் சின்னசேலம் வழியாத்தாங்க போவேன். இன்னிக்கி வழி தவறிட்டேன்" என்றார். பத்து வருஷமாக லோடு ஓட்டுகிறவர் பட்டப்பகலில் வழி தவறினாராம்! கேட்பவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வண்டியைத் திருப்பிவிட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் சுமதி வந்தாள். "நான்தாம்மா குடுத்தேன். கசக்குதுன்னு சொல்லியும் குடுத்தேன்" என்றேன். அவள் நேராக மகளின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தாள். இரண்டு நாள் கழித்துப் பேத்தி நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். சுமதி பிள்ளைகளின் துணியைப் பையில் எடுத்து வைத்தாள்.

தீமிதி அன்று நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஆஸ்பத்திரி மிதித்தவன், மூன்று நாள் எல்லைக்கு வெளியே தங்கியவன். எந்த முகத்தோடு முன்னால் போவேன்? பூசாரி என்னைக் கூப்பிட்டார். வேண்டாம் என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். "புள்ள உசுரத் தூக்கிக்கினு ஓடனவன் தீட்டுன்னா, அப்பறம் யார்யா சுத்தம்?" என்று பூசாரி அவர்களை அதட்டினார். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, புதுக் காப்புக் கட்டினார்.

இறங்கினேன். "கோவிந்தா" என்ற சத்தம் மட்டும் கேட்டது. சூடே தெரியவில்லை. கரையேறிக் காலைப் பார்த்தால் ஒரு கொப்புளம் இல்லை. அம்மன் என்னை மன்னித்துவிட்டாள் என்று அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

எழுந்தபோது எதிரே சுமதி. பூசாரி சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கையில் பை இல்லை. "நான் நாளைக்குக் கெளம்பறம்பா. புள்ளைங்க ஸ்கூல் தொறக்கற வரைக்கும் இங்கியே இருக்கட்டும்" என்றாள். நெருப்பில் அழாதவன் அதைக் கேட்டு அழுதேன்.

இந்த வருஷமும் முழு லீவுக்கும் வந்திருக்கிறார்கள். இப்போது கிழங்குக் குச்சியை ரகம் பிரித்து, சாயத்துணி கட்டி, தனித்தனி இடத்தில் வைக்கிறேன். அன்றுவரை எனக்குச் சாமி என்றால் பயம். தப்பு செய்தால் தண்டிப்பாள் என்று மட்டும்தான் தெரியும். இப்போது தப்பு செய்தாலும் அவளிடமே ஓடுகிறேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கலாம், அதில் உங்கள் தப்பும் இருக்கலாம். எந்த முகத்தோடு கேட்பது என்று தயங்கி நிற்காதீர்கள். செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே அவளைக் கூப்பிடுங்கள். நான் ஓடிக்கொண்டேதான் கூப்பிட்டேன். பத்தடிக்குள் வந்துவிட்டாள்.