ஒற்றைப் பக்கக் கூத்து

பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போகும் வழியில் செல்போன் கடை வைத்திருக்கும் மாதேஸ்வரனுக்கு ஒரே ஒரு பெருமைதான். விரல் நகத்தளவு மெமரி கார்டில் மற்றவர்கள் ஐந்து தெருக்கூத்து ஏற்றினால் அவர் இருபது ஏற்றுவார். ஒவ்வொரு கூத்தும் விடிய விடிய ஏழு மணி நேரம் ஆடியது. அதைச் சுருக்கிச் சுருக்கிக் கார்டில் திணித்து, ஆடு மேய்க்கிறவர்களும் தக்காளி பறிக்கிறவர்களும் கூடவே தூக்கிக்கொண்டு போகிற பாட்டுப் பெட்டிக்குப் போட்டுக் கொடுப்பார். பதினாறு வருடமாக இதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

தை மாதம் எதிர்வரிசையில் ஸ்டெஃபி கடை போட்டாள். உள்ளூர்க்காரர் சின்னப்பராஜின் மகள், கம்ப்யூட்டர் படித்தவள். அன்றிலிருந்து மாதேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. போன் ரிப்பேருக்கு அவளிடம் போனால் போகட்டும், கூத்துக்குமா போவார்கள்? சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற பெண்ணுக்குக் கூத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டினார்கள். ஆட்டுக்காரர் பெரியண்ணனும் தாண்டிய அன்று கூப்பிட்டே கேட்டுவிட்டார்.

“என்னங்கண்ணா, நம்ம கடை கண்ணுக்குத் தெரியலீங்களா?”

“அதில்ல மாதேசு. அந்தப் புள்ள போட்டுக் குடுத்தா கூத்துல ராணி பேசறது நல்லாக் கேக்குது.”

“பெரிய பெரிய ஃபைலாப் போடறா, அதான். நாலு கூத்துக்கு மேல கார்டு தாங்காது, பாத்துக்கிட்டே இருங்க.”

ராணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்பதாக முன்பும் சிலர் குறைப்பட்டதுண்டு. பழைய ரெக்கார்டிங் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது சமையலறைப் பாட்டுப் பெட்டியில் கூத்து ஓடிக்கொண்டிருந்தது. ராஜா அதட்டினான், ராணி வெடுக்கென்று பதில் சொன்னாள். மனைவி பானுமதி கரண்டியைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தான் ஏற்றிக் கொடுத்த எதற்கும் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

“எவ போட்டுக் குடுத்தா இத?”

“ஸ்டெஃபிதாங்க. அதுக்கென்ன இப்ப?”

சொந்த வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாளே! கார்டைப் பிடுங்கிக்கொண்டு, தட்டைத் தொடாமல் கடைக்கு ஓடினார். அவளுடைய ஃபைல் இரண்டு மடங்காவது இருக்கும், அதை ஊருக்கே காட்டி மானத்தை வாங்கலாம் என்று கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். அவருடைய ஃபைலின் அளவேதான். கார்டில் இருபது கூத்தும் இருந்தன.

தன்னுடையதையும் அவளுடையதையும் மாற்றி மாற்றிக் கேட்டபோதுதான் விளங்கியது. கூத்துக்கு இரண்டு மைக் வைத்துப் பதிந்திருந்தார்கள். இடப்பக்கம் ராஜா, வலப்பக்கம் ராணி. பாட்டுப் பெட்டிக்கு இருப்பதே ஒரு ஸ்பீக்கர், அதற்கெதற்கு இரண்டு பக்கம் என்று இவர் வலப்பக்கத்தை அப்படியே வெட்டி எறிந்திருந்தார். ஸ்டெஃபி இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டு அப்புறம் சுருக்கியிருந்தாள். அவ்வளவுதான் வித்தை. இவரோ, இடத்தை அடைக்கிறதென்று முழு ரெக்கார்டுகளை என்றைக்கோ அழித்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“பதினாறு வருசமா அந்த ராணிக்கு வாயே இல்லீன்னு நெனச்சிக்கிட்டிருந்தேங்க,” என்றாள் பானுமதி. “அவ நல்லாத்தான் பேசியிருக்கா.”

மாதேஸ்வரன் ஒரு பென்டிரைவை நீட்டினார். “வெட்டாத ரெக்கார்டு எல்லாத்தையும் அவகிட்ட வாங்கியா. எனக்குன்னு மட்டும் சொல்லிராத.”

பானுமதி அதை வாங்கவில்லை. அலமாரியைத் திறந்து வேறொரு பென்டிரைவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “போன வாரமே குடுத்துருச்சிங்க அந்தப் பொண்ணு. ‘அண்ணன் கார்டு எல்லாத்துலயும் ஒரு பக்கமே இல்லக்கா, அவருக்கு இது வேணும், அவராக் கேட்டாக் குடுங்க, இல்லீன்னா காட்டாதீங்க, சங்கடப்படுவாரு’ன்னு சொல்லுச்சி.”

மாதேஸ்வரன் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஸ்டெஃபி கெட்டவளாக இருந்திருந்தால் ஆயுசு முழுக்க நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருக்கலாம். பாவி, அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.