சான்றிதழ் பூட்டிய பீரோவுக்கு முன்னால் முழங்கால்படியிட்டேன்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணபதி என்கிற ஏரியாவில் எங்கள் வாடகை வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்.

நான், சாராள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைத்து வார்டு குப்பை எடுக்கிற வேலை. அப்போது பதிமூன்று வருடமாகியிருந்தது. ஐந்தாவது வரை படித்தேன்.

என் மகள் பியூலா. பன்னிரண்டாவது முடித்து மார்க் வாங்கியிருந்தாள்.

என் அண்ணன் யோசுவா. லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார்.

என் நாத்தனார் கிரேஸ். கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.

எங்கள் சபை பாஸ்டர் ஐயா.

அவரோடு வந்த ஒரு பிரதர். வெளி மாநிலக் கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவர். பெயர் வேண்டாம்.

என் வீட்டுக்காரர் இல்லை. அவர் இறந்து அப்போது ஆறு வருடம்.

அந்தக் கூட்டம் முடிந்தபோது என் மகளின் அசல் சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் பிரதரின் பைக்குள் போயிருந்தன. எடுத்துக் கொடுத்தது என் கை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பியூலா என்ன படிப்பது என்று பேசத்தான் எல்லோரும் வந்தார்கள். ஆஸ்பத்திரி வேலைதான் என்பது முடிவு. எந்த வேலை என்பதுதான் பேச்சு.

அண்ணன் சொன்னார்: "பார்மசி படிக்கட்டும். பட்டறைக்குப் பக்கத்துல ஒரு கடை காலியாக் கெடக்குது. மருந்துக்கடை வெச்சரலாம். தலைவலி மாத்திரை வித்தே பொழைச்சுக்குவா."

கிரேஸ் விடவில்லை. "நாள் பூரா கடையில நின்னா கால் நரம்பு சுருட்டிக்குமுங்ணா. பிசியோதெரபி படிக்கட்டும். எங்கூருத் தோப்புல மரம் ஏர்றவங்க அத்தனை பேத்துக்கும் இடுப்பு புடிச்சிருக்குது. வரிசையில வந்து நிப்பாங்க."

"நிப்பாங்க, நிப்பாங்க. ஆளுக்கு ரெண்டு தேங்கா குடுத்துப்போட்டுப் போவாங்க. அதை வித்து இவ காலேஜ் ஃபீஸ் கட்டோணுமாக்கும்" என்றார் அண்ணன்.

பாஸ்டர் ஐயா நர்சிங்தான் நல்லது, அது ஊழியம் மாதிரி என்றார். பிரதரும் அதையே சொன்னார். நாலு வருடம் படித்தால் வெளிநாடு என்றார்.

பியூலாவை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் ஆசை நர்சிங். அதை மறைக்கமாட்டேன். இத்தனை வருடமாக என்னை "இந்தாம்மா", "ஆயா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் வெள்ளை உடுப்போடு வந்தால் எழுபது வயதுக்காரரும் "சிஸ்டர்" என்று நிமிர்ந்து உட்காருகிறார். என் மகளை அப்படிக் கூப்பிட வேண்டும். அதற்குத் தேவ சித்தம் என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

அப்போது பிரதர் சொன்னார்: "நம்ம எதுக்குங்க சண்டை போடோணும்? ஆண்டவர்கிட்டயே கேட்டுப்போடலாம்."

பார்மசி, பிசியோதெரபி, நர்சிங், லேப், எக்ஸ்ரே என்று ஐந்து படிப்பைச் சொல்லி, ஐந்து துண்டுக் காகிதத்தில் எழுதினார். மடித்து ஒரு தகரச் சம்படத்தில் போட்டார். கண்ணை மூடி ஜெபித்தார். அவ்வளவு நல்ல ஜெபம். கிரேஸ் அழுதுவிட்டாள். பியூலா ஒரு சீட்டை எடுத்தாள். நர்சிங்.

எல்லோரும் ஆமென் சொன்னோம். என் சத்தம்தான் பெரிது. அந்தச் சந்தோசத்தில் பீரோவைத் திறந்து மார்க்‌ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் ஃபைலோடு கொடுத்துவிட்டேன். சீட் பிடித்து வைக்க அசல் வேண்டும் என்றார். இவ்வளவு நன்றாக ஜெபிக்கிறவர் ஏமாற்றுவாரா? ரசீது கேட்கத் தோன்றவில்லை. மீதிச் சீட்டுகளை வாசலில் இருந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது கூடையைக் கொட்டப் போனேன். நான் குப்பையைப் பார்க்காமல் கொட்டமாட்டேன். மடித்த காகிதமாக இருந்தால் பிரித்துப் பார்ப்பேன். ஆஸ்பத்திரிப் பழக்கம். மடிப்புக்குள் ஊசி இருக்கும். ஒரு தடவை குத்தி மூன்று மாதம் பயந்து கிடந்திருக்கிறேன்.

முதல் சீட்டைப் பிரித்தேன். நர்சிங். இரண்டாவது நர்சிங். மூன்றாவது நர்சிங். நாலாவதும்.

நான் கூடையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பியூலா வந்து பார்த்தாள். நாலையும் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப ஆண்டவர் இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்களாம்மா?" என்றாள். முகத்தில் அத்தனை நிம்மதி.

அப்போதுதான் அவளைக் கேட்டேன். "நீ சொல்லு கண்ணு. உனக்கு என்ன வேணும்?"

"நீங்க முதல்ல சொல்லுங்க. தினம் பாக்கறீங்களே. எந்த வேலை எப்படீன்னு."

பார்த்ததைச் சொன்னேன். நர்சுக்கு மரியாதை உண்டு. எந்த ஊர் போனாலும் வேலை உண்டு. ஆனால் டாக்டர் திட்டு, நோயாளி திட்டு, கூட வந்தவர் திட்டு, மூன்றும் அவளுக்குத்தான். கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் தூக்கிப்போகிற நர்சுகளை எனக்குத் தெரியும். எக்ஸ்ரேயில் வேலை சுத்தம். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரி முழுக்க அதற்கு நாலு பேர்தான், ஒருவர் போனால்தான் அடுத்தவருக்கு இடம். டயாலிசிஸில் வாரம் மூன்று தடவை அதே நோயாளி வருவார். சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார். ஒரு நாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருப்பார். அன்றைக்கு அந்த அறையில் யாரும் பேசமாட்டார்கள். நான் துடைத்துவிட்டுச் சீக்கிரம் வெளியே வந்துவிடுவேன்.

"லேபு?" என்றாள்.

லேபில் சம்பளம் குறைவு. யாருக்கும் பெயர் தெரியாது. கண் போகும். ஆனால் அவர்கள் அனுப்புகிற தாளைப் பார்த்த பிறகுதான் பெரிய டாக்டரே வாயைத் திறக்கிறார். அதையும் சொன்னேன்.

"அதானுங்கம்மா எனக்கு வேணும். எனக்கு ரத்தம்னா பயமில்ல. பேசற மனுசங்கதான் பயம். ரத்தம் நம்மளத் திட்டாது."

"சம்பளம் கம்மி சாமி."

"கம்மியா இருந்தா கம்மியாச் சாப்படலாம்."

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. அவள் ஏற்கெனவே பிரவுசிங் சென்டரில் போய் அரசாங்கக் கவுன்சிலிங்குக்குப் பதிந்திருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்கு மத்தியானமே அவள் போனுக்குச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். அசல் இல்லையென்றால் இடம் இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்து சீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர், "அஞ்சும் நர்சிங்கா? அப்படீன்னா ஆண்டவர் அவ்வளவு உறுதியாச் சொல்றாரும்மா" என்றார்.

"எழுதினது ஆண்டவர் இல்லீங்ணா" என்று வைத்துவிட்டேன்.

பிரதர் என் போனை எடுக்கவில்லை. பாஸ்டர் ஐயாவிடம் போனேன். அவர் நல்லவர்தான். ஆனால் வருத்தப்பட்டார், பயந்தார். "சபைக்குள்ள பேச்சாயிருமுங்க சிஸ்டர். பொறுமையா இருங்க. ஊட்டுல இருந்து ஜெபிங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை வேலையில் எனக்குக் கையே ஓடவில்லை. பதிமூன்று வருடம் நான் துடைத்த தரையில் என் பிள்ளை உடுப்புப் போட்டு நடக்க வேண்டும் என்று இருந்தேன். நானே அவள் வழியை மூடிவிட்டேன். பக்கெட் கழுவுகிற இடத்தில் நின்று ஜெபித்தேன். வேறு இடம் எனக்கு அங்கே கிடையாது.

"ஆண்டவரே, இனி உம்மிடம் சீட்டில் கேட்கமாட்டேன். வாயால் கேட்கிறேன். என் ஆசையை உம்முடைய சித்தம் என்று சொல்லிவிட்டேன். தப்பு. அதை எடுத்துக்கொள்ளும். என் பிள்ளையின் ஃபைலைக் கொடும். வெள்ளிக்கிழமைக்குள் கொடும். நான் வீட்டில் இருந்து கேட்கமாட்டேன். நேரில் போய் நிற்கிறேன். நீரும் வாரும்."

புதன்கிழமை லீவு போட்டேன். பியூலாவும் நானும் காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த அவர் ஆபீசுக்குப் போனோம். எங்களுக்கு முன்பே அங்கே ஏழெட்டுத் தாய் தகப்பன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அதே கதை. ஓர் ஓரத்தில் இரும்பு பீரோ. அதற்குப் பக்கத்தில் மேசை போட்டு ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். ஃபைல் காலேஜுக்குப் போயிருச்சுங்களே" என்றார் பிரதர்.

"சரிங்க. திரும்பி வார வரைக்கும் உக்காந்திருக்கறேன்."

உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு யாரோ கல்லூரி ஆள் வந்தார். அந்தப் பெண் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே கட்டுக்கட்டாக ஃபைல்கள். பியூலாவின் பச்சை ஃபைல் மேலேயே இருந்தது. பீரோவைப் பூட்டிவிட்டாள்.

எழுந்து போய்ப் பிரதரைக் கேட்டேன். இப்போது வேறு பேச்சு. பிடித்து வைத்த காலேஜ் இடத்தை ரத்து செய்யப் பணம் கட்டினால்தான் ஃபைல் என்றார். நாலு சீட்டையும் பிரித்து அவர் மேசையில் வைத்தேன்.

"அது சும்மா உங்க விசுவாசத்தைப் பலப்படுத்தறதுக்குங்க" என்றார். மனுசன் கூசவே இல்லை.

நான் பீரோவுக்கு முன்னால் போய் முழங்கால்படியிட்டேன். தினம் தரையில் மண்டியிடுகிறவள். என் முழங்காலுக்கு அது புதிதல்ல. சத்தமாக ஜெபித்தேன்.

"ஆண்டவரே, இந்தப் பீரோவைப் பாரும். இதற்குள்ளே என் பிள்ளையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். உம்முடைய பெயரைச் சொல்லிப் பூட்டினார்கள். திறந்துவிடும்."

"சிஸ்டர், எந்திரிங்க. இது ஆபீசுங்க!"

"நீங்க எங்க ஊட்டுல வந்து ஜெபிச்சீங்க. நான் உங்க ஆபீசுல ஜெபிக்கறேன். நேருக்கு நேராப் போச்சு."

பின்னால் ஒருவர் சிரித்தார். உக்கடத்துத் தையல்காரர், முஸ்லிம் பாய். அவர் மகளின் சான்றிதழும் உள்ளே இருந்தது. அவர் எழுந்து இரண்டு கையையும் ஏந்தி, "அந்தம்மா கேக்கறதுக்கு ஆமீனுங்க" என்றார். ஒரு கவுண்டர் வீட்டு அம்மா, "ஏனுங்க, எம் புள்ளையுதையும் சேத்திச் சொல்லுங்க. பேரு கோகிலா" என்றார். சேர்த்துச் சொன்னேன். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். எல்லாப் பெயரையும் சொன்னேன்.

பிரதர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்புடுங்க. அவங்களும் வந்து பீரோவைப் பாக்கட்டும்" என்றார் பாய்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. பயம் இருந்தது. வேலை போய்விடுமோ, ஸ்டேசனில் உட்கார வைப்பார்களோ என்று. எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்று இருந்தேன்.

சாவிச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன்.

அந்த மேசைப் பெண். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாக எழுந்து பீரோவைத் திறந்திருந்தாள். "யாரைக் கேட்டுத் தொறந்தே?" என்று அவர் கத்தினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பச்சை ஃபைலை எடுத்து, "பியூலா யாருங்க?" என்றாள்.

அப்புறம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தாள். பாய் தன் மகள் ஃபைலை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கோகிலாவின் அம்மா என் தலையில் கைவைத்து, "நல்லா இருப்பே அம்மணி" என்றார்.

கர்த்தர் பீரோவைத் திறக்க வேண்டும் என்று கேட்டேன். யார் கையால் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே வேலை போனது. அவளுக்காகவும் ஜெபித்தேன், எங்கள் சூப்பர்வைசரிடம் கெஞ்சவும் செய்தேன். இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு பதிகிற இடத்தில் இருக்கிறாள். என்னைச் சாராள் அக்கா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அங்கே அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை அசலைக் காட்டினோம். லேப் படிப்புக்கு அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வேறு ஊர், விடுதி. முதல் வருடம் வார்டுக்குப் போய் நோயாளியிடம் ரத்தம் எடுக்க வைத்தார்கள். ஒரு தாத்தா நரம்பு கிடைக்கவில்லை என்று கன்னாபின்னாவென்று திட்டிவிட்டார். "ரத்தம் மனுசனுக்குள்ளதானுங்கம்மா இருக்குது. அதை நான் யோசிக்கவே இல்லை" என்று போனில் அழுதாள். வந்துவிடு என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மறுநாள் அதே தாத்தாவிடம் போய் எடுத்திருக்கிறாள்.

நர்சிங்கை விட்டுவிட்டாயே, பிழைக்கத் தெரியவில்லையே என்று இன்னும் சபையில் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆபீசில் மண்டியிட்டது பெண்பிள்ளைக்கு அழகில்லை என்றும் சொல்கிறார்கள். அதையும் சொல்லட்டும். என் ஆண்டவர் அதைக் குறையாக எண்ணவில்லை. அவருக்கு நன்றி சொல்லி முடியாது. நான் பேசத் தெரியாதவள். என் வாயை அவர் திறந்தார்.

ஒன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று சீட்டுப் போடாதீர்கள். பிள்ளையைக் கேளுங்கள். பிறகு அவரைக் கேளுங்கள். வாயால் கேளுங்கள். ஏற்கெனவே அசலைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள். அவரை நம்பிக் கிளம்புங்கள். தனியாகப் போகப் பயமென்றால் என்னிடம் சொல்லுங்கள். எந்தச் சபையாக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும் வாரேன். அந்தப் பாயும் கடையைச் சாத்திவிட்டு வருகிறார். இந்த இரண்டு வருடத்தில் பல ஆபீஸ் படி ஏறியிருக்கிறோம்.

இதுவரை ஃபைலோடு வெளியே வந்த பிள்ளைகள் இருபத்து மூன்று.