சும்மா கிடந்த மூட்டை

சண்டை முடிந்து நாங்கள் திரும்பவும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வந்து குடியேறிய பிறகு, ஒரு நாள் முன்பள்ளிக் கொட்டகையில் கூட்டம் என்று எல்லாரையும் கூப்பிட்டார்கள். பட்டணத்திலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி, குப்பையைக் குறைப்பது எப்படி, பழையதைத் திரும்பப் பாவிப்பது எப்படி என்று படம் காட்டிச் சொன்னாள். வெறும் போத்தலை வெட்டி அதில் பூச்செடி நட்டாள். நல்ல பிள்ளை. “அந்தக் காலத்தில நீங்க எப்பிடிச் செஞ்சீங்க, சொல்லுங்க அம்மம்மா” என்று என்னிடம்தான் முதலில் கேட்டாள். எனக்குச் சபையில் வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். “நாங்க ஒண்டையும் எறியிறல்ல மகள்” என்றேன். அதோடு சரி. மூன்று தரம் இடம்பெயர்ந்து, கடலுக்கும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம், எறிய என்ன மிச்சம் என்று பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள். எல்லாருக்கும் களைப்பு. வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்தபோதுதான், சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் வீடு வாவியோரம், தோணித்துறைக்குக் கிட்ட இருந்தது. அப்பா தூரத்து வயல்வெளியான வட்டைக்குக் காவலுக்குப் போனால் கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டில் அம்மா, நான், அப்பாவின் அக்காவான மாமி. அம்மாவும் என்னைப் போலத்தான், யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டாள். ஆனால் ஒன்றை மட்டும் நாள் முழுவதும் சொல்லுவாள்: “வீட்டில ஒண்டும் சும்மா கிடக்கப்படா.”

மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்குப் போகும். அரிசி கழுவியது மாட்டுக்கு. பிய்ந்த வலை கீரைப் பாத்திக்கு வேலி. சிரட்டை அகப்பையாகும், அகப்பை உடைந்தால் அடுப்புக்குப் போய், சாம்பலாகி, விடிந்ததும் எங்கள் பல்லுக்கு வரும். “நானும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா, என்னையும் மடிச்சி வேலிக்குக் கட்டிப்போடுவாள் இவள்” என்பாள் மாமி.

அந்த வீட்டில் சும்மா கிடந்தது ஒன்றே ஒன்றுதான். உள்ளறை மூலையில் பனையோலைப் பெட்டிக்குள் ஒரு மூட்டை. எல்லாம் பழஞ்சீலைத் துண்டுகள். அவித்துத் தோய்த்து, வெயிலில் காயப்போட்டு மடித்தவை. அம்மா பிடிதுணி இல்லாமல் சோற்றுப் பானையை இறக்கிக் கையைச் சுட்டுக்கொள்வாள். அந்தப் பெட்டியை மட்டும் திறக்கமாட்டாள். அம்மாவே மறந்துபோன வேலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமைகளில் காத்தான்குடியிலிருந்து காப்புக் காக்கா தோணியேறி வருவார். அந்த ஊர் முஸ்லிம் ஆண்களைக் காக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். தலையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கண்ணாடிக் காப்பு, சீப்பு, ஊசி, நூல். காசு இல்லாதவர்கள் போத்தல், ஓட்டைப் பித்தளை, பழந்துணி என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு பொருள் தருவார்.

அன்றைக்கு அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தாள். மாமி நல்ல உறக்கம். காக்காவின் பெட்டியில் தகர முதுகு வைத்த வட்டக் கண்ணாடி ஒன்று மினுங்கியது. எங்கள் வீட்டில் முகம் பார்ப்பதென்றால் தண்ணீர்க் குடத்துக்குள்தான். நான் உள்ளே ஓடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“அம்மாட்டக் கேட்டயா மகள்?” என்றார் காக்கா.

“சும்மாதான் கிடக்கு” என்றேன். அது பொய் இல்லை.

அம்மா குடத்தை இறக்கி வைத்ததும் கண்ணாடியைக் காட்டினேன். மூட்டை போன கதையையும் சொன்னேன். கெட்டிக்காரி என்று சொல்லப்போகிறாள் என்று காத்து நின்றேன். அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஏசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. மாமிதான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினாள். காக்காவின் தோணி அதற்குள் அக்கரை சேர்ந்திருந்தது.

எனக்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகள் மாதம் முடியுமுன் போயிருந்தன. அவற்றை எனக்குச் சரியாக நினைவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை தங்காதவள் அடுத்த பிள்ளையைப் புதுத்துணியிலும் தன் துணியிலும் கிடத்தக்கூடாது. பெற்ற பிள்ளை ஒன்றும் தவறாத வீடுகளுக்குப் போய், அவளே வாய்விட்டுக் கேட்டு, பழஞ்சீலை வாங்கி வரவேண்டும். ஒரு வீட்டில் ஒருமுறைதான் கேட்கலாம். எங்கள் ஊரில் அப்படி ஏழு வீடுகள்தான் இருந்தன. உப்புக்கூட இரவல் கேட்காத அம்மா அந்த ஏழு வீட்டுக்கும் போய் வந்திருக்கிறாள். வயிற்றில் பிள்ளை இருப்பதைப் பயத்தில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை தொழுகை, காக்கா வரமாட்டார். சனிக்கிழமை அடுத்த ஊருக்குப் போக எங்கள் துறையில்தான் இறங்குவார். இரண்டு நாளும் அம்மா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். சனிக்கிழமை காலையில் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு துறைக்குப் போனாள். பின்னால் மாமி, மாமியின் பின்னால் நான்.

“காக்கா, அந்தத் துணி...” என்று தொடங்கினாள் அம்மா.

“நல்ல துணி தங்கச்சி. வியாழக்கிழமையே மில்லுக்குக் குடுத்திட்டன், மெசின் துடைக்க. ஏன், புள்ள கேளாமத் தந்திட்டா?”

“கேட்டாக் குடுப்பாளா இவள்? ஏழு வீடு ஏறி இறங்கி எடுத்த சீல காக்கா அது” என்றாள் மாமி. “இனி எந்த வீட்டுக்குப் போற? புள்ள தங்கின வீடெண்டு இருக்கிறதே அந்த ஏழுதான்.”

காக்கா அம்மாவை ஒருதரம் பார்த்தார். உடனே கண்ணை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டு, தலையிலிருந்த பெட்டியை மெல்ல இறக்கி வைத்தார்.

மாமி விடவில்லை. “உங்கட வீட்டில புள்ளயள் எத்தின?”

“ஒம்பது.”

“எல்லாம் இருக்குதுகளா?”

“அல்லாஹ்ட காவல், எல்லாம் இருக்கு. சோறு காணாதெண்டு சண்டை பிடிச்சிக்கிட்டு இருக்குதுகள்.”

மாமி அம்மாவின் முழங்கையில் இடித்தாள். “கேளு. நான் கேட்டாச் சரிவராது. நீதான் கேக்கணும்.”

தோணியில் வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கழுத்து வேர்த்திருந்தது. அதை முந்தானையால் துடைத்தாள். பிறகு, “உங்கட வீட்டில இருந்து... ஒரு துண்டு தருவீங்களா காக்கா?” என்று கேட்டாள். கண்ணாடியை நீட்டினாள்.

“அது புள்ளட கண்ணாடி. வெச்சிக்கட்டும்” என்றார் அவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு காப்பும் விற்காமல் வந்த தோணியிலேயே திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை வந்தார். தகரப் பெட்டி இல்லை. கையில் பன்புல்லில் இழைத்த ஒரு பன்பை, அதற்குள் மெல்லிய சீலைத் துண்டுகள், அவித்துக் காயவைத்து அடுக்கியவை. ஒன்பதும் கிடந்த சீலையாம், வீட்டுக்காரி சொல்லி அனுப்பினாளாம். அம்மா தயிர் நிறைந்த மண்முட்டி ஒன்றை எடுத்துவந்தாள். காக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ஒண்டும் வாங்கிக்கிட்டு வரப்படாதெண்டு சொன்னவ, தங்கச்சி. வாங்கினா அது வித்த சீல ஆயிருமாம்.”

தம்பி அந்தச் சீலையில்தான் கிடந்தான். தங்கினான். ஐம்பது வயது தாண்டியும் இருந்தான். சுனாமியாகக் கடல் வந்த காலையில், வாவிக்கு அந்தப் பக்கம் கடலோர எழுவான்கரையில் மீன் எடுக்கப் போயிருந்தவனைப் பிறகு யாரும் காணவில்லை. அவனைப் போர்த்த எங்களுக்கு ஒரு சீலையும் தேவைப்படவில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை தம்பி என்று யாரும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: காக்கா கண்ணாடியையும் விட்டுவிட்டார், துணியையும் கொண்டுவந்து தந்துவிட்டார், தயிரும் வேண்டாம் என்கிறார். இப்படி வியாபாரம் செய்தால் அந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் சோறு எப்படிக் காணும்? பாவமாக இருந்தது. அடுக்களைக்குள் ஓடி, வாய் உடைந்த எண்ணெய்ப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் துறைவரை ஓடினேன்.

“இதையும் கொண்டு போங்க காக்கா. சும்மாதான் கிடக்கு.”

அவர் என்னையும் போத்தலையும் பார்த்தார். தூரத்தில் வேலிப் படலையடியில் பன்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் போத்தலை வாங்கிக்கொண்டு தோணியேறினார். அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேனே.