பெரிய பானையின் மரியாதை

ஆசிரியை அகேயோவுக்கு வேண்டியது ஒன்றுதான்: விடுமுறை தொடங்குமுன், எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு எச்.ஐ.வி. பாடத்தை முழுதாக நடத்திவிட வேண்டும். விடுமுறையில் அவர்கள் கென்யாவின் ஹோமா பே ஏரிக்கரைக்கு மீன் வாங்கப் போவார்கள். படகுக்காரர்களில் சிலர் மீனுக்குக் காசை மட்டும் கேட்பதில்லை.

அனுமதி தரவேண்டியவர் பள்ளிக் குழுத் தலைவர் ஒபுயா. மாணவிகளின் ஒழுக்கத்தில் அவருக்கு அளவற்ற அக்கறை. அவர்களைத் தம் காரில் ஏற்றி, உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்து அந்த அக்கறையை வளர்த்துவந்தார்.

"அடக்கமா இருங்கன்னு சொன்னாப் போதுமே, மேடம். வயசான ஆம்பளைங்கள எதுக்கு இழுக்குறீங்க?" என்றார். பாடத்தை நேரில் பார்த்தே முடிவு சொல்வதாக அறிவித்து, தாமதமாக வந்து, விரிப்புப் போட்ட நாற்காலியில் அமர்ந்தார்.

மேசைமேல் அவரைக்கொட்டைகள் போட்ட இரண்டு பானைகள். சிறியது மாணவிகளின் வயதுப் பையன்கள். பெரியது முப்பதைக் கடந்த ஆண்கள். சிவப்பு அவரைக்கொட்டை கிருமி உள்ளவர், வெள்ளை இல்லாதவர். எது யாருடைய பானை என்பதைக் கடைசியில் சொல்வதே அகேயோவின் முறை.

"செவப்பு வந்தா பாவின்னு அர்த்தமில்ல, மருந்து இருக்கு. டெஸ்ட் எடுக்காம சுத்துறவங்ககிட்டதான் ஆபத்து," என்றார்.

பெண்கள் சிறிய பானைக்குள் கையை விட்டு எடுத்தார்கள். எல்லாம் வெள்ளை.

விருந்தாளி காத்திருக்கப் பிள்ளைகள் முதலில் கைவைப்பது அந்த ஊரில் மரியாதைக் குறைவு. ஒபுயா எழுந்தார். அகேயோ அவசரமாகச் சிறிய பானையை நீட்டினார்.

"எனக்குச் சின்னதா? நான் என்ன எட்டாங்கிளாஸா?"

பெரிய பானையை இழுத்து, உகாலிக் களியை அள்ளுவதுபோல் அள்ளினார். உள்ளங்கையில் நான்கைந்து கொட்டைகள், பாதிக்குமேல் சிவப்பு.

"சேர்மனுக்கு ராசியான கை," என்றாள் கடைசி வரிசை அவினோ.

"இது யாரு பானை?" என்று ஒபுயா அதட்டினார்.

ஒரு பொய் போதும், பாடம் பிழைத்துவிடும். அகேயோ பெண்களைப் பார்த்தார்.

"உங்க வயசுக்காரங்களோடது, சேர்மன். நீங்களாத்தான் கேட்டு எடுத்தீங்க."

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. பாடம் அன்றே நிறுத்தப்பட்டது. மாணவிகளிடம் அது எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை என்பது குழுவின் ஏகமனதான முடிவு.

அந்த வாரமும் ஒபுயாவின் கார் பள்ளி வாசலில் நின்றது.

"ஏறு அவினோ, வீட்ல விட்டுடறேன்."

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, சேர்மன். நாங்க நடந்தே போயிக்கிறோம்."