ஒரு சகோதரிக்காக ஜெபிக்கவும்

எனக்குப் பொறுமை கம்மி. தல்லாகுளத்துல ஒரு ஆபீஸ்ல முப்பது வருசம் டைப்பிஸ்டா குப்பை கொட்டுனவ நான். ஒரே வேலைய ரெண்டு தடவ செய்யச் சொன்னா எனக்கு ஆகாது. அடுத்தவுக சொதப்புனத நாம திரும்பச் செய்யணுமேன்னுதான் ரிட்டயர் ஆனதும் எங்க கோச்சடை சர்ச்சுல வாட்ஸப் குரூப்பு, ஞாயித்துக்கிழமை லைவ், எல்லாத்தையும் நானே இழுத்துப் போட்டுக்கிட்டேன். சின்ன சபைதான். கொரோனாவுக்கு அப்புறம் பாதிப் பேரு பிள்ளைக வீடு, வெளியூருன்னு போயிட்டாக. அவுகள விட்டுறக் கூடாதுன்னு எனக்கு ஒரு வைராக்கியம்.

அப்படிப் போனவுகள்ல ஒருத்தருதான் எங்க அக்கா. கூடப் பிறந்தவுக இல்ல. எதிர்வீடு, என்னையவிட ஏழெட்டு வயசு மூப்பு. இருபது வருசம் என் ஸ்கூட்டி பின்னாடி உக்காந்துதான் சர்ச்சுக்கு வந்தாக. முன்னாடியிலிருந்து மூணாவது பெஞ்சு. ஓரத்துல அவுக, பக்கத்துல நான். பிரசங்கம் நீண்டுச்சுன்னா என் தொடையில நறுக்குன்னு ஒரு கிள்ளு. நான் தூங்குறேனாம்! தூங்குனது என்னமோ அவுகதான். இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேசன் ஆனதும் மகன் வந்து கொட்டாம்பட்டிப் பக்கம் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அவன் கட்டுனது அந்த ஊரு விவசாயக் குடும்பத்துப் பொண்ணு. அந்த வீட்டுல கும்புடுற சாமி வேற, அந்த ஊருல சர்ச்சும் கிடையாது. அக்காவுக்குன்னு இருந்தது ஒரு போனுதான்.

ஸ்கூட்டி ஓட்டையில பின்னாடி கனமில்லாம போறது எனக்குப் பழகவே இல்ல. வளைவுல திரும்பையில "ஏய், மெதுவாடி"ன்னு ஒரு குரல் வரும்னு காது பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கும்.

மொதல்ல அக்கா தினமும் கூப்பிடுவாக. "என்னடி பண்ற, என்ன கொழம்பு?" அம்புட்டுத்தான் பேச்சு, அதுவே முக்கா மணி நேரம் ஓடும். ஒரு நாளு லைவ்ல சத்தமே வரலைன்னு ஆளாளுக்குத் திட்டி, நான் மண்டை காஞ்சு கெடந்தேன். அந்த நேரம் பாத்து அக்கா முட்டி வலியப் பத்தி ஆரம்பிச்சாக. "அக்கா, எதுனாலும் குரூப்புல போடுங்கக்கா. எல்லாரும் சேந்து ஜெபிப்பாகல்ல"ன்னுட்டேன். "சரிடி, அப்படியே செய்றேன்"னாக. அன்னியோட போன் நின்னுச்சு. இப்ப நெனச்சா என் நாக்க இழுத்து வச்சு அறுக்கலாம் போல இருக்கு.

புதன்கிழமைன்னா முந்தியெல்லாம் எங்களுக்கு வீட்டு ஜெபம். வாரம் ஒரு வீடு. பாட்டு, ஜெபம், கடைசியில சுண்டலு, காப்பி. அந்த வீட்டுல யாருக்கு என்ன கொறைன்னு அடுப்படியப் பாத்தாலே தெரிஞ்சு போகும். இப்ப அதுவும் குரூப்புக்கு வந்துருச்சு. புதன்கிழமை ஜெபக் குறிப்புகள எழுதுவாக, கீழ வரிசையா "ஆமென்" போடுவோம். எங்க சபையில ஒரு வழக்கம், குறிப்புல பேரு சொல்ல மாட்டோம். யாரு மானமும் போகக் கூடாதுல்ல? "ஒரு சகோதரன்", "ஒரு சகோதரி", அம்புட்டுத்தான். நான் என் கையில இருக்குற சபை போனுல இருந்து, சபை பேருலயே மொத ஆமெனப் போட்டுருவேன். அதுல ஒரு பெருமை வேற.

இதுக்கு நடுவுல சபைக்குப் புது கேமரா வந்துச்சு. பழசுன்னா தட்டிவிட்டுட்டு எம் பாட்டுக்கு பெஞ்சுல போய் உக்காந்துக்கிருவேன். புதுசு அப்படி இல்ல, திருப்பவும் கிட்டக் காட்டவும் ஒரு ஆளு கூடவே நிக்கணும். வேற எவ நிப்பா? நானே போய் கடைசித் தூணுக்கிட்ட கேமராவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன்.

அது ஆகி மூணு நாலு வாரம் இருக்கும். ஒரு புதன்கிழமை அக்கா எழுதியிருந்தாக: "ஒரு சகோதரியை மூன்று வாரமாக ஆராதனையில் காணவில்லை. அவர்கள் சுகத்தோடு இருக்க ஜெபிக்கவும்." நான் படிச்சேன். எவளோ ஒரு சோம்பேறி லைவ்ல கூட வரமாட்டேங்குறா, அதுக்கு இந்த அக்கா எம்புட்டு வருத்தப்படுதுன்னு எனக்கு எரிச்சல். பட்டுன்னு ஆமென் போட்டேன். எனக்குப் பின்னாடி ஊரே போட்டுச்சு.

அதுக்கப்புறம் அக்காகிட்ட இருந்து ஒரு குறிப்பும் வரல. அதையும் நான் கவனிக்கல. கவனிச்சேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் சபை போன் அடிச்சுச்சு. தெரியாத பொம்பளக் குரல். "அம்மா, நான் கொட்டாம்பட்டியில இருந்து பேசுறேன். உங்க கோயில்ல மூணாவது வரிசையில பெரிய கொண்டை போட்டுக்கிட்டு ஒரு அம்மா உக்காருவாகளே, அவுக உசுரோட இருக்காகளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "யாரும்மா நீ?"

"எங்க அத்தை சரியா சாப்பிட மாட்டேங்கிறாகம்மா. ஞாயித்துக்கிழமைன்னா நான்தான் போன அரிசி டிரம்மு மேல சாச்சு வச்சுக் குடுப்பேன். குளிச்சு, நல்ல சேலை கட்டி உக்காருவாக. காது மந்தமாயிருச்சுல்ல, பிரசங்கமெல்லாம் கேக்காது. அந்தக் கொண்டையத்தான் பாத்துக்கிட்டே இருப்பாக. இப்ப அவுகளக் காணோம். 'போனப் போட்டுக் கேளுங்க அத்தை'ன்னா, 'வேணாம்டி, போயிட்டான்னு சொல்லிட்டாகன்னா நான் என்ன பண்ணுவேன்'னு அழுகுறாக. குரூப்புலயும் எழுதிப் பாத்தாகளாம். எல்லாரும் ஆமென் சொன்னாகளாம், ஒருத்தரும் அவ நல்லா இருக்கான்னு சொல்லலையாம்."

அடி ஆத்தி! எனக்காக வந்த ஜெபத்துக்கு நானே மொத ஆமென் போட்டிருக்கேன். இந்தக் கூத்த எங்க போய்ச் சொல்ல?

"அந்தக் கொண்டைக்காரி நாந்தான்மா"ன்னேன். "அத்தைகிட்ட குடு"ன்னா, அக்கா வாங்கல. பேசுனா அழுதுருவேன்னு கையக் காட்டுனாகளாம்.

அந்த வாரக் கமிட்டிக் கூட்டத்துல நான் போட்ட சத்தத்துல போதகரே மேசைய விட்டுத் தள்ளி உக்காந்தாரு. "இனிமே குரூப்புல ஆமென் போடுறதுன்னா போடுங்க. ஆனா அதுக்குக் கீழ யாராவது ஒருத்தர் 'நான் போறேன்', இல்ல 'நான் பேசுறேன்'னு எழுதணும். எழுதுற வரைக்கும் அந்தக் குறிப்ப நான் திரும்பத் திரும்பப் போடுவேன்." யாரோ ஒருத்தர், "இதெல்லாம் நடக்கிற காரியமா?"ன்னாரு. ஊருக்குத்தான் உபதேசம்னு ஆயிறக் கூடாதேன்னு அங்கேயே போன எடுத்து, அக்காவோட அந்தப் பழைய குறிப்புக்குக் கீழ எழுதுனேன்: "அந்தச் சகோதரி நான்தான். ஞாயித்துக்கிழமை கொட்டாம்பட்டிக்கு வாரேன்."

கேமராவ போதகரம்மா கையில ஒப்படைச்சுட்டு, விடியக்காலம் மாட்டுத்தாவணியில பஸ் ஏறுனேன். ஒண்ணே கால் மணி நேரப் பயணம். இதுக்கா ரெண்டு வருசமா நேரம் இல்லேன்னு இருந்தேன்?

அக்கா பாதியா எளச்சுப் போயிருந்தாக. என்னையப் பாத்ததும் கன்னம், தோளு, கையின்னு தடவித் தடவிப் பாத்தாக. "எங்கடி போயித் தொலைஞ்ச?"ன்னாக. "கேமராவுக்குப் பின்னாடி நின்னேன்க்கா"ன்னு காதுக்கிட்டப் போய்க் கத்துனேன். "போடி கூறுகெட்டவளே"ன்னு முதுகுல ஒண்ணு வச்சாக. இந்த அடிக்காக நான் எம்புட்டு நாளு ஏங்கியிருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. மருமக எங்களுக்குக் காப்பியக் குடுத்துட்டு, ஆராதனை நேரம் ஆனதும் போன எடுத்து டிரம்மு மேல சாச்சு வச்சுச்சு.

நான் எடுக்குற லைவ் எப்படித் தெரியும்னு அன்னைக்குத்தான் பாத்தேன். மனுசங்க நகக்கண்ணு அளவு. ஒரு முகம் தெரியல, எல்லாம் முதுகு. அந்த முதுகுகள அக்கா ஒவ்வொண்ணா வெரல வச்சுக் காட்டி, இது இன்னாரு, இது இன்னாரு மகன்னு சொன்னாக. ஒண்ணும் தப்பல.

அன்னைக்குத் திருவிருந்து ஆராதனை. நடுவுல ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லுற நேரம் வரும். ஒருத்தர் கூப்புன கையை அடுத்தவர் தன் ரெண்டு கைக்குள்ள பொத்திப் பிடிக்கணும். இருபது வருசம் அக்கா கை என் கைக்குள்ளதான் இருந்துச்சு. போனுல எல்லாரும் எந்திரிக்கிறது தெரிஞ்சதும், நானும் ரெண்டு கையையும் விரிச்சு வச்சுக்கிட்டு அக்கா பக்கம் திரும்புனேன்.

அக்கா என்னையப் பாக்கல. சேலைத் தலைப்ப இழுத்துப் போத்திக்கிட்டு, கூப்புன கையோட முன்னாடி குனிஞ்சாக. அந்தச் சின்ன போனுல மூணாவது பெஞ்சுல என் காலி இடத்தப் பாத்து, வாரா வாரம் சொல்லிப் பழகுன மாதிரி, "சமாதானம்டி, நல்லா இருக்கியா?"ன்னாக.