தட்டில் காட்டியது

என் உடம்பிலிருந்து என்ன எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தொரு வயதில் பம்மலில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் படுத்தேன். விழித்தபோது, "எல்லாம் சரி பண்ணியாச்சும்மா" என்றார்கள். மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கில் கிடந்தவளுக்கு அந்த வார்த்தையே போதுமாக இருந்தது.

எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் அதே ஆபரேஷன் செய்துகொண்ட டீச்சர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. "யூட்ரஸ் எடுத்தாச்சு" என்று மூவரும் ஒரே மாதிரிதான் சொல்வோம். ஒருத்திக்கு உடம்பு பெருத்தது. ஒருத்திக்கு ஒன்றுமே ஆகவில்லை. எனக்கு மட்டும் மார்கழியில்கூட ஃபேனுக்குக் கீழே வேர்த்து ஊற்றியது. அவரவர் தலையெழுத்து என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கால் இடறிக் கையை ஊன்றினேன். சரியாக விழக்கூட இல்லை, மணிக்கட்டு முறிந்துவிட்டது. தாம்பரத்தில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "நாப்பத்தொன்பது வயசுக்கு இந்த எலும்பு சரியில்லையேம்மா" என்றார். பழைய ஆபரேஷனைச் சொன்னேன். "யூட்ரஸ் மட்டும் எடுத்தாங்களா, ஓவரியும் சேர்த்தா?" என்று கேட்டார்.

அவை இரண்டும் வேறுவேறு ஆபரேஷன் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் ஓவரி, அதாவது சினைப்பை, தன் பாட்டுக்கு வேலை செய்யுமாம். அந்த வயதில் அதையும் எடுத்துவிட்டால் எலும்பையும் இதயத்தையும் அப்போதிருந்தே கவனிக்க வேண்டுமாம். பெரும்பாலும் உடனே ஹார்மோன் மாத்திரை தொடங்கிவிடுவார்களாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். "ஓவரி தெரியல. எடுத்திருக்கலாம், சுருங்கியும் போயிருக்கலாம்" என்றார்கள். இந்தப் பதிலை ஸ்கேன் இல்லாமலே நானே சொல்லியிருப்பேன். நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. எங்களிடம் இருந்த காகிதங்கள் ஒரு மழை வெள்ளத்தில் பீரோவோடு போய்விட்டன.

ஆனால் சாட்சி ஒருவர் இருந்தார். ஆபரேஷனில் எடுத்ததைத் தட்டில் வைத்து, வெளியே காத்திருப்பவர்களிடம் காட்டுவது இங்கே வழக்கம். எனக்கு எடுத்ததை என் வீட்டுக்காரரிடம் காட்டினார்கள். "மாங்கா சைஸுக்கு இருந்துச்சு" என்று அவர் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் மறுபடியும் போனேன்.

"ரெண்டு பக்கமும் சின்னதா ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு டாக்டர்."

"ரெண்டுமே?"

"ஒண்ணு... இல்ல, ரெண்டு. வந்து... அப்படி ஒண்ணும் இல்லன்னு நினைக்கிறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எடுத்துட்டாங்கன்னே வெச்சுக்குவோம்" என்று சொல்லி, எலும்பின் அடர்த்தியைப் பார்க்க ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஆட்டோவைக்கூடக் கூப்பிடாமல் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. என்ன பாத்தீங்க?"

"பாக்கல" என்றார். "நர்ஸ் தட்டு மேல இருந்த துணியை எடுத்துச்சு. நான் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டேன். ஆமென் சொல்லிட்டுக் கண்ணைத் திறந்தா, அந்தப் பொண்ணு உள்ள போயிடுச்சு."

"அப்ப மாங்கா?"

"அது நர்ஸ் சொன்னது."

சர்ச்சில் பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுகிற மனுஷன், அன்றைக்கென்று பார்த்து ஜெபம் செய்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவருக்கு வந்தது பயமா, என்மேல் பாசமா? ஓவரியை எடுத்திருந்தால், அவர் பார்த்ததாகச் சொன்னதை நம்பி யாரையும் கேட்காமல் விட்டதில் எட்டு வருஷ மாத்திரை எனக்குப் போச்சு, அவரை நான் மன்னிக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் மன்னிக்க ஒன்றுமே இல்லை. எது என்று தெரியாமல் ஒருவர்மேல் எப்படிக் கோபப்படுவது?

"பாக்கலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க. எதுக்கு இத்தனை வருஷம் பொய்?"

"மயக்கம் தெளிஞ்சதும் நீ முதல்ல அதைத்தான் கேட்ட. 'எடுத்ததைப் பாத்தீங்களா, கேன்சர் மாதிரி இருந்துச்சா'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்ட. பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் கையை விட்டுட்டுத் தூங்கின."

நான் அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. அதற்கும் சாட்சி அவர் ஒருவர்தான்.