ஐந்து பத்துக்கு இறங்கிய றோல்லாடன்

பொய்க்காக யாராவது சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, மச்சானின் வரவேற்பறையில் மூன்று மாதம் பாய் விரித்துப் படுப்பார்களா? நாங்கள் படுக்கிறோம். ஆகவே இது நடந்தது.

போன கார்த்திகை. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் புறநகரில் வாங்கிய வீடு. குடிபூரலுக்கு எண்பது பேர். என் மனைவி குமுதினியின் தம்பி தபோதரன் கணினிக் கம்பனிக்காரன். ஒன்பது யன்னல்களில் எட்டின் றோல்லாடனுக்கு, அதுதான் வெளிப்பக்கம் சுருண்டிறங்கும் யன்னல் மறைப்புக்கு, மோட்டார் பூட்டியிருந்தான். கைத்தொலைபேசியால் அவற்றை ஏற்றி இறக்கி, ரிப்பன் வெட்டும் மந்திரி மாதிரி நின்றான். சனம் கைதட்டியது.

ஒன்பதாவது யன்னல், மகள் தேனுஜாவின் பின்னறை. அங்கே மின்சார இணைப்பில்லை. சுவரோரப் பட்டியைக் கையால் பிடித்துத்தான் இறக்க வேண்டும்.

செவ்வாய், மாலை 5:10. கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மேலே... டர்ர்... டர்ர்...

போய்ப் பார்த்தேன். பின்னறை றோல்லாடன் இறங்கியிருந்தது. பிள்ளை தரையில் படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"நீயோ இறக்கினனீ?"

"இல்லை அப்பா. அது பாரம். எனக்கு ஏலாது."

புதன், 5:10. வியாழன், 5:10.

குமுதினி என்னைச் சந்தேகித்தாள். நான் தபோதரனைச் சந்தேகித்தேன். பிறகு இருவரும் ஒற்றுமையாகப் பின்வீட்டு ஜெர்மன்கார அம்மா ஃபிராவ் லிண்ட்னரைச் சந்தேகித்தோம். வயது எண்பத்திரண்டு. எங்கள் குப்பைத்தொட்டி வெளியே போகும் நேரத்தைக்கூடக் கொப்பியில் எழுதுகிறவர். 5:10க்கு அவருடைய குசினி யன்னலில் நிற்பார். எங்கள் பின்னறையைப் பார்ப்பார். தலையாட்டிவிட்டுப் போவார்.

வெள்ளி. தபோதரன் வந்தான்.

"அத்தான், பேயெல்லாம் ஊரோட சரி. இஞ்ச இருக்கிறதெண்டால் அதுவும் நகரசபையில அன்மெல்டுங் செய்து விலாசம் பதியோணும்."

"வாயை மூடிக்கொண்டு பட்டியைப் பார்."

"பிள்ளை இனி இதுக்கை படுக்கலாமோ, ஏலாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ," என்றாள் குமுதினி.

5:10.

பட்டி அசைந்தது.

கையை விட்டால் றோல்லாடன் தடாரென்று விழும். இது விழவில்லை... இறக்கப்பட்டது. ஒரு பிடி. நின்றது. அடுத்த பிடி. நின்றது.

பட்டி நடுவில் நசுங்கியிருந்தது. ஒரு கைப்பிடி அகலம்.

தபோதரன் கைத்தொலைபேசியை அதை நோக்கி நீட்டினான். எதை அமத்தப் போகிறான்?

டர்ர்...

டக்.

இருட்டு.

தபோதரன் சப்பாத்தை விட்டுவிட்டுக் காலுறையோடு கார்வரை ஓடினான்.

பிள்ளையை எங்கள் அறைக்கு மாற்றினோம். சனி மாலை ஐந்து மணிக்கு, குமுதினியையும் பிள்ளையையும் கீழே இருத்திவிட்டு, ஃபிராவ் லிண்ட்னரின் மணியை அடித்தேன். ஏன் தினமும் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

பழக்கம் என்றார். எங்களுக்கு முன் அங்கே ஒரு கிழவர் தனியாக இருந்தாராம். இருவருக்கும் ஓர் ஏற்பாடு. 5:10க்குப் பின்னறை றோல்லாடன் இறங்கினால், அவர் சுகம். இறங்காவிட்டால் இவர் போய்ப் பார்க்க வேண்டும்.

"ஒருநாள்கூடத் தவறவில்லை," என்று கொப்பியைக் காட்டினார். 17:10. 17:10. 17:10. தபால்பெட்டி நிரம்பி, தபால்காரர் பொலிசைக் கூப்பிட்ட நாள்வரை.

கிழவர் மாடிப்படியடியில் கிடந்தார். இறந்து பதினொரு நாள் என்று வைத்தியர் சொன்னாராம்.

பதினொரு நாளும்... 17:10.

ஃபிராவ் லிண்ட்னர் யன்னல் பக்கம் திரும்பினார். எங்கள் பின்னறையில் றோல்லாடன் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிடி. நின்றது. அடுத்த பிடி.

திருப்தியாகத் தலையாட்டினார்.

"பாருங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் சுகம்."